சாட்சியும் மருந்துச் சீட்டும்

1

மனநோயும் மத நம்பிக்கையும் சந்திக்கும் இடத்தைப் பற்றித் தமிழில் இரண்டு கதைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகின்றன. ஒன்று பகுத்தறிவுக்காரரின் கதை. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் கோயிலுக்கும் தர்காவுக்கும் இழுத்துச் செல்கிறார்கள், சங்கிலியில் கட்டுகிறார்கள், மூடநம்பிக்கை அவனைக் கொல்கிறது. இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்க வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்து எரிந்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிக் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. மற்றது விசுவாசியின் கதை. டாக்டர்கள் கைவிரித்தார்கள், பார்க்காத வைத்தியம் இல்லை, கடைசியில் ஆண்டவர் தொட்டார், அல்லது அம்மன் கண் திறந்தாள், அல்லது அவுலியா கனவில் வந்தார், நோய் பறந்தது. இந்தக் கதைக்கும் ஆட்கள் உண்டு. கன்வென்ஷன் பந்தலில் மைக் முன்னால் நின்று அவர்களே சொல்கிறார்கள்.

இரண்டு கதைகளும் ஒன்றையொன்று வெறுப்பவை. ஆனால் இரண்டின் அமைப்பும் ஒன்றே. ஒரு வில்லன், ஒரு ரட்சகன், ஒரு முடிவு. இந்த முடிவுதான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. மனச்சோர்வோடு வாழ்கிறவனுக்கு வாய்க்காத ஒன்று உண்டென்றால் அது முடிவு. அது வரும், போகும், மறுபடி வரும். நடுவே அவன் வேலைக்குப் போகிறான், ரேஷன் கடையில் நிற்கிறான், பிள்ளைக்குப் பீஸ் கட்டுகிறான். இந்த நடுப்பகுதியை எழுத இரண்டு கதைகளிலும் இடம் இல்லை.

நான் 17 வருஷங்களாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். சர்ச்சுக்கு அதைவிட நீண்ட காலமாகப் போய் வருகிறேன். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதும்போது எனக்கு முரண்பாடு எதுவும் தட்டுப்படவில்லை. இந்தப் பக்கங்களைப் படிக்கும் நண்பர்கள் சிலருக்கு இரண்டாவது வாக்கியம் உறுத்தும். சபையில் சிலருக்கு முதல் வாக்கியம் உறுத்தும். மருத்துவமா நம்பிக்கையா என்ற பட்டிமன்றத்தில் பேச நான் வரவில்லை. வடிவங்களைப் படித்துப் பழகியவன் என்ற முறையில், இந்த இரண்டு தரப்பும் நோயாளியை எந்த மொழியில் பேச வைக்கின்றன என்று பார்க்க முற்படுகிறேன். ஒரு மனிதன் மாத்திரையைத் தொடர்வதும் நிறுத்துவதும் பல சமயம் இந்த மொழியைப் பொறுத்திருக்கிறது.

2

முதலில் நோயின் பெயர். நம் பத்திரிகைகள் இதை மன அழுத்தம் என்று எழுதுகின்றன. அழுத்தம் வெளியிலிருந்து வருவது. கடன், பரீட்சை, மேலதிகாரி. அழுத்துவதை எடுத்துவிட்டால் மனம் நிமிர்ந்துவிடும் என்ற தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மனச்சோர்வு என்ற சொல் இதைவிடத் தேவலை. ஆனால் சோர்வு என்றால் ஓய்வில் தீரும் என்று கேட்பவன் நினைத்துக் கொள்கிறான். எட்டு மணி நேரம் படுத்துக் கிடந்தும் எழ முடியாத உடம்பை இந்தச் சொல் தொடுவதில்லை.

நாஞ்சில் நாட்டு வீடுகளில் புழங்கும் சொல் நரம்புத் தளர்ச்சி. மனசை உடம்புக்குள் ஒளித்து வைக்கும் சொல் இது. கல்யாணப் பேச்சு தடைபடாமல் இருக்க இதைவிடப் பாதுகாப்பான சொல் கிடையாது. மறுகோடியில் இருப்பது ஊளம்பாறை. 1870இல் திருவனந்தபுரத்தில் ஏற்பட்ட மனநோய் ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தின் பெயர். 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லை மாறியது, ஆட்சிமொழி மாறியது, ஊளம்பாறை மட்டும் எங்கள் பேச்சைவிட்டுப் போகவில்லை. ஒருவனை ஊளம்பாறைக்குக் கொண்டு போக வேண்டும் என்று சொல்லிவிட்டால் அவனைப் பற்றி அதற்கு மேல் பேச எதுவுமில்லை என்று பொருள். நரம்புத் தளர்ச்சிக்கும் ஊளம்பாறைக்கும் நடுவே ஒரு சொல் இல்லை. மனச்சோர்வுக்காரன் வசிப்பது அந்த நடுவில். அதனால்தான் தக்கலைக்காரர் நாகர்கோவிலிலும், நாகர்கோவில்காரர் திருவனந்தபுரத்திலும் மாத்திரை வாங்குகிறார்கள்.

மதத்தின் சொற்களஞ்சியத்திலும் அவனுக்கு இடம் இல்லை. பேய்க்கு ஒரு நாடகம் உண்டு. அது ஆடும், பேசும், பேர் சொல்லும், கேட்டதைக் கொடுத்தால் போகும். சோட்டாணிக்கரை கீழ்க்காவில் மரத்தில் அறையப்பட்ட ஆணிகளுக்கும், புளியம்பட்டி அந்தோனியார் கோயில் வளாகத்தில் கேட்கும் அலறலுக்கும் பின்னால் இந்த நாடகம் இருக்கிறது. இன்னொரு விளக்கம் கைவிஷம். யாரோ சோற்றிலோ பாயசத்திலோ கலந்து கொடுத்துவிட்டார்கள், அது வயிற்றில் ஒட்டிக் கிடக்கிறது என்பது. பேயானாலும் கைவிஷமானாலும் நோய் வேறு, ஆள் வேறு என்றாவது ஒப்புக்கொள்ளப்படுகிறது. குற்றம் வந்து புகுந்ததன் மீது.

மனச்சோர்வு ஆடுவதில்லை. அதிகாலை நான்கு மணிக்கு விழித்து ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குளித்து, துவைத்த சட்டை போட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரோடும் எழுந்து பாட்டும் பாடுகிறது. விரட்டுவதற்கு இங்கே பேய் இல்லை. ஆகவே சபையிடம் மிஞ்சும் விளக்கம் ஒன்றுதான்: விசுவாசக் குறைவு. பேய் பிடித்தவனுக்குக் கிடைக்கும் மன்னிப்புகூட இவனுக்குக் கிடைப்பதில்லை. இவன் குற்றம் இவனுடையது.

3

நம்பிக்கையும் மருத்துவமும் ஆதியிலிருந்தே பகையாளிகள் என்பதுபோல எழுதுவது இன்று வழக்கமாகிவிட்டது. நாஞ்சில் நாட்டின் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. லண்டன் மிஷன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்ஸே 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். வேதமும் கத்தியும் ஒரே காம்பவுண்டுக்குள் வந்தன. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்ட் சாமர்வெல், மலையேற்றப் புகழையும் லண்டனில் காத்திருந்த தொழிலையும் விட்டு வந்து, அதே நெய்யூரில் நீண்ட காலம் அறுவை சிகிச்சை செய்தார். மிஷன் ஆஸ்பத்திரியின் காலை ஜெபத்தோடு தொடங்கும். யாரும் ஜெபத்தைக் குளோரோபாரத்துக்குப் பதிலாக வைக்கவில்லை.

அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், அதே மண்ணில், சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தம்மிடம் வந்தவர்களுக்குத் தண்ணீரும் மண்ணும் கொடுத்தார். பேய்களுக்குப் பலி கொடுப்பதை நிறுத்தச் சொன்னார். முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகக் குளிப்பது என்பது அன்றைய திருவிதாங்கூரில் மதச் செயல் மட்டும் அல்ல. அவமானப்படுத்தப்பட்ட உடம்பு தன்னைத் திரும்பப் பெறுவதற்கும் மனசின் நோய்க்கும் உள்ள உறவை இன்றைய உளவியலுக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சற்று வடக்கே போனால், சேர்த்தலை அருகே திருவிழா மகாதேவர் கோயிலில் கைவிஷத்துக்குச் செடிச்சாறு பாலில் கலந்து கொடுக்கப்படுகிறது. கோயிலே மருந்து கொடுக்கிறது.

பிரிவினை பிறகு வந்தது. அதுவும் எல்லா நோய்க்கும் வரவில்லை. மருந்தையே தொடாத சில பெந்தெகொஸ்தே பிரிவுகள் நம்மிடையே உண்டு. அவர்கள் கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர்களிடம் ஒரு சீர்மை இருக்கிறது. சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு, கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, மனச்சோர்வு மாத்திரையை மட்டும் அவிசுவாசம் என்று சொல்பவர்களிடம் அது இல்லை. கணையத்தை டாக்டருக்கு விட்டுக் கொடுத்தாயிற்று. மனசை விட்டுக் கொடுக்க மனசில்லை. அது நம்பிக்கையின் சொந்த நிலம், அங்கே வேறொருவன் ஏர் பூட்டக் கூடாது என்ற எண்ணம்.

4

சபையின் மொழிகளில் மிக வலுவானது சாட்சி. இதை ஒரு இலக்கிய வடிவமாகப் பார்த்தவர்கள் நம்மிடையே இல்லை. பார்க்க வேண்டும். குமரி மாவட்டத்தில் எந்தச் சிறுகதையையும்விட அதிகமான பேரை அடைந்திருக்கும் உரைநடை வடிவம் இதுதான். இதன் இலக்கணம் கறாரானது. மூன்று கட்டம்: முன்பு நான் இப்படி இருந்தேன், அப்போது அவர் வந்தார், இன்று நான் இப்படி இருக்கிறேன். நடுவில் வரும் ‘அப்போது’ ஒரு நாளாக, முடிந்தால் ஒரு மணியாக இருக்க வேண்டும். காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கதை முடிந்திருக்க வேண்டும். குடியை விட்டவனுக்கும், கடலில் தப்பியவனுக்கும் இந்த வடிவம் பொருந்தும். அதன் அழகையும் வலிமையையும் நான் மறுக்கவில்லை.

மனச்சோர்வு இதற்குள் வந்து சேரும்போதுதான் விபரீதம். ஒரு ஜெபக்கூட்டம் முடிந்தபின் என்னைவிட வயதில் மூத்த ஒரு பெண்மணி, என் மீது உண்மையான அக்கறை உள்ளவர், கேட்டார்: “தம்பி, கர்த்தர் சுகம் தந்தாச்சுல்லா? பின்ன எதுக்கு மாத்திர? நிப்பாட்டிட்டு வந்து சாட்சி சொல்லும்.” நான் சொன்னேன்: “சொல்லலாம் அக்கா. மாத்திரையையும் சேத்துச் சொல்லட்டா?” அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “அது எப்பிடி சாட்சியாவும்?”

அந்தப் பெண்மணி சிறந்த விமர்சகர். வடிவத்தின் விதியைத் துல்லியமாகச் சொல்லிவிட்டார். மாத்திரை கதைக்குள் வந்தால் காரணம் இரண்டாகிவிடும், சாட்சி கெட்டுவிடும். ஆகவே மாத்திரையைக் கதையிலிருந்து எடுக்க வேண்டும். கதையிலிருந்து எடுத்துவிட்டு வாழ்க்கையில் வைத்துக்கொள்வது பொய். பொய் சொல்லாமல் இருக்க ஒரே வழி வாழ்க்கையிலிருந்தும் எடுத்துவிடுவது. நேர்மையானவர்கள்தான் இந்த வலையில் முதலில் விழுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், நல்ல வாசகர், இப்படித்தான் மேடையேறினார். கைதட்டல் ஓய்ந்து ஏழு வாரத்தில் அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நோய் திரும்பியதைவிட அவரை வதைத்தது வேறு. நூறு பேர் முன்னால் ஆண்டவர் பெயரில் சொன்னது பொய்யாகிவிட்டதே என்ற எண்ணம். நோயோடு ஒரு பாவத்தையும் அவர் தலையில் ஏற்றிவிட்டது அந்த வடிவம்.

இதற்குக் கீழே இன்னும் ஆழமான ஒரு கொடுமை இருக்கிறது. மனச்சோர்வு எதைத் தின்கிறது? பசியை, தூக்கத்தை, ஆசையை. இவற்றோடு, நாளை என்று ஒன்று உண்டு என நம்பும் சக்தியையும் தின்கிறது. மற்ற நோயாளி வலியோடு நம்பலாம். இவனுக்கு நம்புகிற உறுப்பில்தான் நோய். விசுவாசித்தால் சுகம் என்று இவனிடம் சொல்வது, கால் முறிந்தவனிடம் ஆஸ்பத்திரிக்கு நடந்து வா என்று சொல்வது. நோய் எதைத் திருடியதோ அதையே சபை கட்டணமாகக் கேட்கிறது.

5

மருந்துச் சீட்டுக்கு இந்த ஒரு விஷயத்தில் பெரிய மேன்மை உண்டு. அது நம்பச் சொல்வதில்லை. காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். நம்பாதவன் விழுங்கினாலும் அது தன் வேலையைச் செய்யப் பார்க்கிறது. நம்பிக்கை இற்றுப்போன காலத்தில், நம்பிக்கை கேட்காத ஒன்று கைக்கு எட்டுவதை நான் கருணை என்றுதான் சொல்வேன். மதச்சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன்.

ஆனால் டாக்டர்களும் தங்கள் சீட்டை வேதமாக்கிவிடுகிறார்கள். மூளையில் ஒரு ரசாயனம் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது என்று பல ஆண்டுகள் சொல்லி வந்தார்கள். 2022இல் வெளியான விரிவான மறு ஆய்வு, ஸெரடோனின் குறைவால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று சொன்னது. இதைப் பிடித்துக்கொண்டு மருந்தே மோசடி என்று கிளம்பியவர்களும் உண்டு. அது தவறு. எப்படி வேலை செய்கிறது என்பது வேறு, வேலை செய்கிறதா என்பது வேறு. 2018இல் லான்ஸெட் இதழில் வந்த ஆய்வு 21 மருந்துகளை, 522 பரிசோதனைகளை, 1,16,477 பேரைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. வெற்று மாத்திரையைவிட 21 மருந்துகளும் மேல் என்றது. பெரும்பாலும் சுமாரான அளவுக்கே மேல் என்றும் சொன்னது. இந்த மருந்துகள் பிறந்த விதமும் தற்செயல்தான். 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியாஸிட் கொடுத்தபோது நுரையீரலோடு மனசும் தேறக் கண்டார்கள். வேறு மனநோய்க்கென்று சோதிக்கப்பட்ட இமிப்ரமின் மனச்சோர்வைத் தணிப்பதை ஸ்விட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் கண்டு 1957இல் எழுதினார். எங்கள் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி, முன்பு காசநோய் ஆஸ்பத்திரி இருந்த ஆசாரிப்பள்ளத்தில்தான் இயங்குகிறது. அங்கே மனநலப் பிரிவுக்கு முன் சீட்டோடு காத்திருக்கும்போது இந்த வம்சாவளியை நினைத்துக்கொள்வேன். தேடாத இடத்தில் கிடைத்த ஒன்று. அதை விழுங்கப் பணிவு போதும், பக்தி வேண்டாம்.

டாக்டரின் கேஸ் ஷீட்டும் ஒரு வடிவம். தூக்கம் எப்படி, பசி எப்படி, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா. எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். கடைசிக் கேள்வியை நம் சபைகளில் யாரும் கேட்பதில்லை, டாக்டர் கேட்கிறார். ஆனால் என்னைக் கடவுள் தள்ளிவிட்டார் என்று ஒருவன் சொன்னால் கேஸ் ஷீட்டில் அது குற்றவுணர்வு என்று ஒரு சொல்லாகிறது. அறிகுறி என்ற அளவில் அது சரி. அவன் சொன்னதை அது கேட்கவில்லை. சாமி கும்பிடுங்கள், மனசுக்கு ஆறுதல்தானே என்று பெருந்தன்மையோடு சொல்லும் டாக்டர்களையும் பார்த்திருக்கிறேன். கடவுளை இன்னொரு மாத்திரையாக எழுதித் தருகிறார்கள். இதற்கும் அந்தப் பெண்மணி சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் கடவுளை மருந்தாக்கி மாத்திரையை வெளியேற்றினார். இவர் கடவுளை மருந்தாக்கிப் பட்டியலில் சேர்க்கிறார். சமநிலை, தராசு என்ற பேச்செல்லாம் இந்த இடத்தில்தான் பொய்யாகிறது. ஒரே சரக்காக இருந்தால் அல்லவா இரண்டு தட்டில் வைத்து நிறுப்பது? இந்தச் சோர்வு எதனால் தணியும் என்பது மருத்துவத்தின் கேள்வி. தணியும்வரை, தணியாமலே போனாலும், இதை யாரிடம் சொல்வது என்பது நம்பிக்கையின் கேள்வி. ஒன்றின் கேள்விக்கு மற்றது பதில் சொல்லப் புகும்போது இரண்டும் கெடுகின்றன.

6

யாரிடம் சொல்வது என்பதற்கு சாட்சியைவிடப் பழைய வடிவங்கள் மதங்களுக்குள்ளேயே இருக்கின்றன. சங்கீதப் புத்தகத்தில் 88ஆம் சங்கீதம் ஒன்றுண்டு. மற்றப் புலம்பல்கள் எப்படித் தொடங்கினாலும் கடைசியில் துதியின் பக்கம் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. தொகுத்தவர்கள் அதற்கு ஒரு நல்ல முடிவை ஒட்டிவைக்கவில்லை; வேதத்திலிருந்து நீக்கவும் இல்லை. எங்கள் சபைகளில் அதன் மீது நான் பிரசங்கம் கேட்டதில்லை. முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து தான் சாக வேண்டும் என்று கேட்கிறான். தூதன் வந்து விசுவாசக் குறைவைக் கண்டிக்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். எலியா தின்றுவிட்டு மறுபடி தூங்குகிறான். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பாடு கொடுக்கிறான். கடவுள் பேசுவது அதற்குப் பிறகு, வெகு தூரம் நடந்தபின். தூக்கம், சாப்பாடு, மறுபடி தூக்கம், பேச்சு பிறகு. நல்ல டாக்டர் எவரும் இந்த வரிசையை மாற்றமாட்டார்.

இன்னொரு வடிவம் தங்குதல். திருச்சி பக்கம் குணசீலத்தில் 48 நாள், ஒரு மண்டலம், தங்குகிறார்கள். டாக்டர் வந்து பார்க்கும் மறுவாழ்வு இல்லமும் அந்தக் கோயிலைச் சார்ந்து நடக்கிறது. பெங்களூர் மனநல நிபுணர் ரகுராமும் அவருடைய சகாக்களும் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். வாரக்கணக்கான தங்கலில் நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே விசேஷ மந்திரமோ சடங்கோ இல்லை. காலையில் பூஜை, பிறகு கோலம் போடுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற வேலைகள். துரத்தப்படாமல் இருக்க ஓர் இடம். இந்த ஆய்வை நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை. ஆட்கள் குறைவு, ஒப்பிட வேறு குழு இல்லை, வந்தவர்களில் பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள், மனச்சோர்வுக்காரர்கள் அல்லர். ஆனாலும் எது குணப்படுத்தியது என்ற கேள்விக்கு அது சொல்லும் விடை கவனிக்கத்தக்கது. மண்டலம் என்பது சாட்சியின் ஒரு மணி நேரம் அல்ல. மனச்சோர்வு மாத்திரை பிடிக்கவும் வாரங்கள் ஆகின்றன. தேறிய பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கிறது. காலத்தைப் பற்றிய புரிதலில் மண்டலமும் மாத்திரையும் ஒரே பக்கம்.

இதன் மறுபுறம் ஏர்வாடி. அங்கேயும் தங்குதல்தான் நடந்தது, சங்கிலியோடு. அதன் பிறகு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்தது. தர்காவை மூடிவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. நடந்தது வேறு. குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில் நடைபெற்ற, மருந்தும் வேண்டுதலும் என்று பொருள்படும் தவா-துவா திட்டம் ஏர்வாடிக்கும் வந்தது. துவாவுக்கு வந்தவன் தர்காவைவிட்டுப் போகாமலே டாக்டரையும் பார்க்கலாம். நெய்யூர் காம்பவுண்டுக்கு இது புதிய விஷயமாகத் தோன்றாது.

நம்பிக்கை எப்போதும் ஆறுதலே தரும் என்றும் நான் சொல்லவில்லை. ஆங்கிலக் கவி வில்லியம் கூப்பர் 1763இல் மனம் உடைந்து, டாக்டர் நதானியேல் காட்டனின் விடுதியில் சேர்க்கப்பட்டார். காட்டன் பக்திமான், கவிதையும் எழுதியவர். அங்கே கூப்பர் உடல் தேறினார், மனம் மாறினார். பிறகு ஜான் நியூட்டனோடு சேர்ந்து எழுதிய கீர்த்தனைகள் 1779இல் புத்தகமாயின. இன்றும் உலகெங்கும் பாடப்படுகின்றன. ஆனால் புத்தகம் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1773இல் ஒரு கனவுக்குப் பிறகு, கடவுள் தன்னை நிரந்தரமாகத் தள்ளிவிட்டார் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. 1800இல் இறக்கும்வரை அந்த எண்ணம் மாறவில்லை. பிறரைத் தேற்றிய பாட்டு தன்னைத் தேற்றவில்லை. விசுவாசக் குறைவு என்ற வாய்ப்பாட்டை எங்கள் போதகர்கள் கூப்பர் மீது பிரயோகித்துப் பார்க்கட்டும். கடவுள் இருக்கிறார் என்பதில் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அவருடைய நரகமே அதுதான்.

7

தமிழ் இலக்கியம் இதில் என்ன செய்திருக்கிறது? கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சம் முக்கியமானது. எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ (1992) நாவலில் மகாலிங்கத்தின் காதுகளுக்குள் ஓயாமல் குரல்கள். அவனுக்கு முருகன் மீது பக்தி. அந்தப் பக்தி அங்கே நோயைத் துரத்தும் வேலாக வரவில்லை. வெள்ளத்தில் பிடித்துக்கொள்ளும் கழியாக வருகிறது. சாட்சியின் மூன்று கட்ட இலக்கணத்தை அந்த நாவல் மறுக்கிறது என்பதில்தான் அதன் பலம். கோபிகிருஷ்ணன் மறுகரையிலிருந்து எழுதினார். உளவியல் படித்தவர், மனநோயாளிகளோடு பணியாற்றியவர், தாமும் மாத்திரைகளோடு வாழ்ந்தவர். ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ கேஸ் ஷீட்டின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, கேஸ் ஷீட் கேட்க மறந்ததைக் கேட்கிறது. பக்தரும் உளவியல்காரரும் தத்தம் தரப்பின் பிரசங்கத்தைச் செய்யவில்லை. முடிவை ஒட்டவைக்கவில்லை.

இவர்களைப் படித்துவிட்டு நாம் என்ன செய்தோம் என்பது வேறு விஷயம். சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கும் ஒரு சபை உண்டு, ஒரு சாட்சி உண்டு. பித்து நிலையில்தான் கவிதை பிறக்கிறது, மாத்திரை கவியை மழுங்கடித்துவிடும், சமநிலை என்பது குமாஸ்தாக்களுக்கு உரியது என்பவை நம் விசுவாசப் பிரமாணங்கள். டீக்கடையில், கூட்டம் முடிந்த இரவில், அரைபோதையில், இதை எத்தனை இளம் கவிஞர்களின் காதில் ஓதியிருக்கிறோம். மதவாதி நோயைப் பாவம் என்கிறான். நாம் அதை வரம் என்கிறோம். மருந்தை நிறுத்து என்ற இடத்தில் இருவரும் சேர்ந்துகொள்கிறோம்.

‘ழ’ இதழின் ஆசிரியர் ஆத்மாநாம் 1951இல் பிறந்து 1984இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். மனநோய்க்கு சிகிச்சை பெற்றுவந்தவர். அந்த மரணத்தை நாம் அவர் கவிதையின் முத்தாய்ப்பாகவே படித்துப் பழகிவிட்டோம். கவிதைகளைத் திரும்பப் படித்தால் தெரியும்: நிதானம், கேலி, பிறர்மீது அக்கறை, எளிய சொல். நோயின் கையெழுத்து அல்ல அது. நோய் விட்டுவைத்த இடங்களில் ஒரு தெளிந்த மனம் செய்த வேலை. நோய் அவரிடமிருந்து பறித்த கவிதைகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. அவை எழுதப்படாததால் அவற்றுக்கு விமர்சகன் கிடையாது.

முடிவு ஒட்டாத எழுத்தைத்தான் நான் கேட்கிறேன். நிகழ்காலத்தில் நிற்கும் எழுத்து. மாத்திரை சாப்பிடுகிறேன், ஜெபிக்கிறேன், இன்று பரவாயில்லை, நாளை தெரியாது என்று சொல்லக் கூசாத ஒரு உரைநடை. சபை அதை சாட்சி என்று ஏற்காது. நாம் அதை இலக்கியம் என்று ஏற்க யோசிப்போம். அது வரும்வரை ஒரு சின்ன வேலை இருக்கிறது. அடுத்த தடவை ஒரு நண்பர், மாத்திரையை நிறுத்திவிட்டேன், இப்போது நன்றாக எழுத வருகிறது என்று சொல்லும்போது, கவிதையைக் கையில் வாங்குவதற்கு முன்னால் டாக்டரைக் கேட்டீர்களா என்று கேட்பது. தூக்கம் எப்படி என்று கேட்பது. இது விமர்சகனின் வேலைக்கு வெளியே உள்ளதென்று நான் நினைக்கவில்லை.